ஹேக்கர் வெளிநாட்டில், புகார் செல்லூரில்: வாசகர் கேள்வி பதில்

செல்லூர், ஜவுளி வியாபாரி ஒருவர்

கேள்வி: காலையில் கடையைத் திறந்து பில் போடும் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. இங்கிலீஷில் ஒரு மிரட்டல் கடிதம் மட்டும் இருந்தது. பிட்காயினில் பணம் கேட்கிறான். ஸ்டேஷனுக்குப் போனால் "இது ஃபாரின்காரன் வேலை, நாங்க என்ன பண்ண முடியும்?" என்கிறார்கள். எல்லையில் ஒருத்தன் சுட்டால் ராணுவம் போகிறது, என் கணக்கு வழக்கை எவனோ சுருட்டினால் யார் வருவார்கள்?

பதில்: யாரும் வர மாட்டார்கள் அண்ணே. சுற்றி வளைக்காமல் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆள் இல்லாததால் வராமல் இல்லை, ஆள் நிறையவே இருக்கிறார்கள். 2004-இல் ஆரம்பித்த செர்ட்-இன் இருக்கிறது. நாடு முழுக்க நடக்கும் ஊடுருவல்களைக் கவனித்து, தகவல் சேர்த்து, எச்சரிக்கை விடுவது அதன் வேலை என்று ஐ.டி. சட்டத்தின் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 70பி பிரிவு சொல்கிறது. மின்சாரம், வங்கி, டெலிகாம் மாதிரி, நின்றால் நாடே நிற்கும் என்கிற நெட்வொர்க்குகளுக்கு 2014-இல் என்.சி.ஐ.ஐ.பி.சி. என்று தனியாக ஒன்று வந்தது. முப்படைகளுக்கு டிஃபென்ஸ் சைபர் ஏஜென்சி. மோசடி, மிரட்டல் வகையறாவுக்கு உள்துறை அமைச்சகத்தின் கீழ் ஐ-4-சி. இவர்களை ஒருங்கிணைக்க தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் செயலகத்தில் ஓர் அதிகாரி.

இத்தனை பேரில் செல்லூர் கடை யார் கணக்கில் வருகிறது என்பதுதான் சிக்கல். அரசியல் சட்டத்தில் நாட்டின் பாதுகாப்பு மத்தியப் பட்டியல், காவல்துறை மாநிலப் பட்டியல். திருடன் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் திருட்டு நடந்த இடம் செல்லூர் என்பதால் ஃபைல் மதுரை போலீசிடம்தான் வரும். 355-வது பிரிவு, வெளி ஆக்கிரமிப்பிலிருந்து மாநிலங்களைக் காப்பது மத்திய அரசின் கடமை என்று சொல்கிறதுதான். ஆனால் ஜவுளிக்கடை பில்லைப் பூட்டியது ஆக்கிரமிப்பு என்று எந்த வக்கீலும் கோர்ட்டில் நின்று பேச மாட்டார்.

அதற்காக "எங்களால் ஒன்றும் முடியாது" என்று கைவிரிப்பது சரியில்லை. ஐ.டி. சட்டம் 75-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: செய்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், எங்கிருந்து செய்திருந்தாலும், அதில் சிக்கிய கம்ப்யூட்டர் இந்தியாவில் இருந்தால் நம் சட்டம் பொருந்தும். இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும். ஆகவே தெரு முனை ஸ்டேஷனோடு நிற்காமல் மாநகர சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போங்கள், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் பதிவு செய்து அந்த நம்பரை எழுதி வையுங்கள். பிடிபடுவானா என்றால், அநேகமாக மாட்டான். அப்புறம் எதற்குப் புகார்? அதே கும்பல் ஈரோட்டில் ஒரு கடையையும் கோவையில் ஒரு மில்லையும் பூட்டியிருந்தால், மூன்று புகாரும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் அது ஒரே ஆளுடைய வேலை என்றே யாருக்கும் புலப்படும். நம் ஊரில் வியாபாரிகள் வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று மூடி வைத்துவிடுகிறார்கள், அவனுக்கு அது ரொம்ப வசதி.

இனி உங்கள் பக்கம். கடிதத்தோடு அனுப்பிய போட்டோவில் மேஜைக்கு அடியில் சி.பி.யூ., அதன் முதுகில் ஒரு பேக்கப் ஹார்டு டிஸ்க் தொங்குகிறது. தூசி படிந்திருப்பதைப் பார்த்தால் ஆணி அடித்த மாதிரி எப்போதும் சொருகியே இருந்திருக்கும் போலிருக்கிறது. இந்த வகை வைரஸ் சி டிரைவ், டி டிரைவ் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போகும், சொருகியிருக்கிற ஹார்டு டிஸ்க்கும் அதற்கு இன்னோர் எழுத்துதான், அதனால் பேக்கப்பும் சேர்ந்து போயிற்று. ஆடிட்டர் வீட்டிலிருந்தே கணக்கைப் பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசதி 3389 என்ற போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டரின் அந்த எண்ணுள்ள வாசலில், காத்திருக்கும். அந்த எண்ணில் யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று உலகம் முழுக்க ராத்திரி பகலாகத் தட்டிப் பார்க்கிற புரோகிராம்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் மேல் யாருக்கும் விரோதம் இல்லை, சுங்குடிச் சேலை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரிந்திருக்காது.

பணம் கொடுக்காதீர்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம், கடன் கொடுத்த கணக்கெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டவருக்குக் கஷ்டம். அந்த முடிவுக்குப் போகும் முன் "நோ மோர் ரான்சம்" என்ற தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து போலீசும் யூரோபோலும் (ஐரோப்பிய யூனியனின் போலீஸ் அமைப்பு) சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. சில வகை வைரஸ்களுக்கு விடுவிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். உங்களுடையதற்கு இன்று இல்லாவிட்டாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், கும்பல் பிடிபட்ட பிறகு சாவிகள் வெளியே வந்த சம்பவங்கள் உண்டு.

திருநகர், வாசகி

கேள்வி: கூடங்குளத்திலேயே ஹேக்கர் நுழைந்துவிட்டான் என்று 2019-இல் பரபரப்பாகப் பேசினார்கள். பிறகு பேச்சே இல்லை. நமக்கு வரும் கரண்ட்டில் அதுவும் இருக்கிறது. அணு உலையையே காக்க முடியாத அரசு வேறு எதைக் காக்கும்?

பதில்: உலைக்குள் நுழைந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. நுழைந்தது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள். எனக்கு அதைவிட உறுத்துவது அது வெளியே வந்த விதம்தான், தேதிவாரியாகச் சொல்கிறேன்.

2019 செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் கண்டுபிடித்து அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது. ஊருக்குத் தெரிய வந்தது அக்டோபர் கடைசியில், அதுவும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகு. அக்டோபர் 29-ஆம் தேதி கூடங்குளத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக நிற்பது, இணையத்தோடு தொடர்பே இல்லாதது, அதன்மேல் சைபர் தாக்குதல் சாத்தியமில்லை, பரவுவதெல்லாம் பொய். மறுநாள், அக்டோபர் 30, அணுமின் கழகத்தின் மும்பைத் தலைமையகம் இன்னோர் அறிக்கை விட்டது: வைரஸ் இருந்தது உண்மை, நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் இருந்தது, உள் நெட்வொர்க் தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நெட்வொர்க்கில் எவனாவது நுழைந்தானா என்று கேட்டால், உலையைத் தொட முடியாது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள் முதல் நாளில். கேட்ட கேள்விக்கு, செர்ட்-இன் கண்டுபிடித்து எட்டு வாரம் கழித்து, அதுவும் வேறு யாரோ போட்டு உடைத்த பிறகுதான் பதில் வந்தது. டி-ட்ராக் என்ற அந்த வைரஸை வடகொரியாவின் லாசரஸ் கும்பலோடு நிபுணர்கள் சேர்த்துப் பேசுகிறார்கள். நம் அரசு யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை.

இணையத்தோடு சேராத தனி நெட்வொர்க் நல்ல பாதுகாப்புதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்க முடியாது. ஈரானின் நடான்ஸ் யுரேனியம் ஆலையும் அப்படித் தனியாக இருந்ததுதான். 2010-இல் வெளியே தெரிய வந்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ், யூ.எஸ்.பி. வழியாகவே உள்ளே போகும்படி எழுதப்பட்டிருந்தது. அப்படி உள்ளே எடுத்துப் போக ஒரு மனிதக் கை வேண்டும். நிர்வாக கம்ப்யூட்டரில் என்ன இருக்கும்? யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த கான்ட்ராக்டர் எப்போது வருகிறார், எந்த பம்புக்கு யாரிடம் ஆர்டர் போயிருக்கிறது, இந்த மாதிரி விவரங்கள்தான். பார்த்தால் சப்பை விஷயம். அந்தக் கையைத் தேடுகிறவனுக்கு வேண்டியதும் இதேதான்.

கண்டுபிடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. செர்ட்-இன் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. வேற்று நாட்டு அரசே ஆள் வைத்து நுழையும்போது எல்லாவற்றையும் தடுக்க எந்த அரசாலும் முடியாது. அமெரிக்காவில் அரசு ஊழியர்களின் பின்னணி விசாரணைக் கோப்புகள் களவு போனது 2015-இல் தெரிய வந்தது, 2 கோடியே 15 லட்சம் பேருடைய விவரம். அவர்களும் தடுக்கவில்லை, ஆனால் அவர்களே எண்ணிக்கையோடு அறிவித்தார்கள், அந்த அலுவலகத் தலைவர் பதவி விலகினார், நாடாளுமன்ற விசாரணை நடந்தது. தடுக்க முடிகிறதோ இல்லையோ, நடந்ததைச் சீக்கிரம் சொல்ல முடியும். அரசின் முதல் பொறுப்பு என்று நான் நினைப்பது அதைத்தான், நம் ஊரில் சுத்தமாக நடக்காததும் அதுதான்.

வடபழஞ்சி, ஐ.டி. ஊழியர்

கேள்வி: ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தீயை அணைப்பதா, ஃபாரம் நிரப்புவதா?

பதில்: 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு அது. 6 மணி நேரம், கூடவே 180 நாள் லாக் (கம்ப்யூட்டரில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவு) வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஐரோப்பிய யூனியனில் முதல் எச்சரிக்கைக்கு 24 மணி நேரம், அடுத்த கட்டத் தகவலுக்கு 72 மணி நேரம் தருகிறார்கள், ஆகவே நம் விதி கடுமையானதுதான். ஆனால் 6 மணி நேரத்தில் முழு விசாரணை அறிக்கை கேட்கவில்லை தம்பி, கையில் இருப்பதைச் சொன்னால் போதும், மீதியைப் பிறகு அனுப்பலாம். 1800-11-4949 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம், மெயிலும் போடலாம். கம்பெனி பெயர், தொடர்பு எண், என்ன வகை சர்வர் என்பதையெல்லாம் இன்றைக்கே டைப் செய்து ஒரு டிராஃப்ட்டாக வைத்துக்கொண்டால் ராத்திரி இரண்டு மணிக்கு நேரத்தை மட்டும் நிரப்பி அனுப்பிவிடலாம்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். நம்மிடம் 6 மணி நேரத்தில் கேட்கிறார்கள், சரி. வாங்கிக்கொண்டு நமக்கு என்ன திருப்பித் தருகிறார்கள்? எச்சரிக்கைக் குறிப்புகள் வருகின்றன, அவை உபயோகமானவை, தினமும் பாருங்கள். ஆனால் ஒரு பெரிய சம்பவம் எப்படி நடந்தது, யார் எதைக் கோட்டை விட்டார்கள், அடுத்தவர் எதைச் சரி செய்ய வேண்டும் என்று பொதுமக்கள் படிக்கும்படி ஒரு முழு அறிக்கை கூடங்குளத்துக்கு வந்ததா? அமெரிக்காவில் 2022-இல் இதற்கென்றே ஒரு மறுஆய்வுக் குழு போட்டு, மைக்ரோசாஃப்ட் மெயிலுக்குள் சீனத் தொடர்புள்ள கும்பல் நுழைந்ததைப் பற்றி 2024-இல் அறிக்கை விட்டார்கள். தடுத்திருக்கக்கூடிய சம்பவம் என்று அவ்வளவு பெரிய கம்பெனியை முகத்துக்கு நேரே எழுதினார்கள். (2025 ஜனவரியில் புது அரசு வந்ததும் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டது, அது வேறு கூத்து.) இங்கே 2023 நவம்பரில் செர்ட்-இன்னைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள். உளவு அமைப்புகளுக்குத் தரும் விலக்கு அது. எல்லாரிடமிருந்தும் தகவல் கேட்டு வாங்குகிற அலுவலகத்திடம் யாரும் தகவல் கேட்க முடியாது என்றால், கேள்வி கேட்க எம்.பி.க்களை மட்டும்தான் நம்ப வேண்டும். நம்புங்கள்.

உசிலம்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை

கேள்வி: பென்ஷன் பணத்தைக் கூட்டுறவு வங்கியில் போட்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வங்கியையே ஹேக் செய்து சுருட்டினால் அரசாங்கம் பொறுப்பேற்குமா? பேரன் பயமுறுத்துகிறான்.

பதில்: டீச்சர், முதலில் பாஸ்புக் அட்டையை எடுத்துப் பாருங்கள். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி என்று போட்டிருக்கிறதா, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று போட்டிருக்கிறதா? நம் பக்கத்தில் இரண்டையுமே கூட்டுறவு பேங்க் என்றுதான் சொல்வோம். முதலாவதாக இருந்தால் வங்கி நொடித்துப் போகும் பட்சத்தில் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து அதுதான் உச்சவரம்பு. இரண்டாவதாக இருந்தால் அந்தக் காப்பீட்டுக்குள் வராது. பேரன் பயமுறுத்த வேண்டிய விஷயம் அதுதான், ஹேக்கர் அப்புறம்.

ஹேக்கர் கணக்கு தனி. வங்கியும் தப்பு செய்யவில்லை, நீங்களும் தப்பு செய்யவில்லை, நடுவில் எவனோ புகுந்து உங்கள் கணக்கிலிருந்து எடுத்தான் என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது, வங்கி தர வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு சொன்னது. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், சொன்னதிலிருந்து வங்கிக்குத் தகவல் தரும் வரை போன பணம் உங்கள் நஷ்டம். உடனே 1930-க்குப் போன் போட வேண்டும், அது பண மோசடிக்கான எண்.

வங்கியையே சுருட்டியதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக ஏறக்குறைய 20 லட்சம் டாலரை துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் தள்ளப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 94 கோடி போயிற்று. போலி கார்டுகளோடு 28 நாடுகளில் ஆட்கள் ஏ.டி.எம். வாசலில் தயாராக நின்றார்கள், "பணம் கொடுக்கலாமா?" என்று ஏ.டி.எம். கேட்கும் கேள்வி வங்கிக்குப் போய்ச் சேராமல் ஹேக்கர்களே நடுவில் நின்று "கொடு, கொடு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடகொரியாவின் வேலை என்று ஐ.நா. நிபுணர் குழு பின்னால் எழுதியது. டெபாசிட்காரர் கணக்கிலிருந்து பணம் குறையவில்லை, வங்கி தன் பையிலிருந்து ஏற்றுக்கொண்டது.

ஒரு நாட்டின் அரசே ஆள் வைத்துத் திருடும்போது புனேயில் இருக்கிற ஒரு கூட்டுறவு வங்கி தனியாக நின்று அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டுமா என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. மதுரை, ராமநாதபுரம், நெல்லைச் சீமையில் அந்தக் காலத்தில் ஊர்க்காவல் என்று ஒரு முறை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரர் வாங்கிக்கொள்வார். ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதில் அநியாயமும் நிறைய உண்டு. காவல் கூலி கொடுக்காத வீட்டு மாடு காணாமல் போகும், துப்புக்கூலி கொடுத்தால் எங்கிருந்தோ திரும்பி வரும். செல்லூர் கடையைப் பூட்டினவன் செய்வதும் அதே தொழில்தான். ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கூலி வாங்கினால் ஈடு என்ற அந்த ஓர் ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படுகிறது. வரி வாங்குகிற அரசு, இன்னோர் அரசு செய்த களவு என்று தானே ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டுமாவது நஷ்டத்தில் பங்கு போட வேண்டும். அப்படி ஒரு நிதி இருந்தால், இது வெளிநாட்டு வேலையா இல்லையா என்று தீர விசாரிக்கவும் டெல்லிக்குத் தானாக அக்கறை வரும்.

சின்ன வங்கிகளுக்கு இன்னோர் ஆபத்து, எல்லாரும் ஒரே மென்பொருள் நிறுவனத்தை நம்பியிருப்பது. 2024 ஜூலை கடைசியில் அப்படி ஒரு நிறுவனத்தில், ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம் வைரஸ் புகுந்ததும் அதைப் பொதுப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து துண்டித்தார்கள். சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ., ஏ.டி.எம். இல்லாமல் நின்றார்கள். துண்டித்தது சரியான முடிவு. கையில் ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

திருப்பரங்குன்றம், கல்லூரி மாணவர்

கேள்வி: அவன் நம்மை ஹேக் செய்தால் நாமும் திருப்பி ஹேக் செய்யலாமே? எங்கள் செட்டில் நான்கு பேர் ரெடியாக இருக்கிறோம்.

பதில்: ரெடியாக இருங்கள், ஆனால் அந்த வேலைக்கு வேண்டாம். அனுமதி இல்லாமல் அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் போனால் ஐ.டி. சட்டம் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை ஜெயில், தேசபக்திக்குத் தள்ளுபடி கிடையாது.

சட்டத்தை விடுங்கள், யாரைத் திருப்பி அடிப்பீர்கள்? லாக்கில் தெரியும் ஐ.பி. முகவரி பெரும்பாலும் ஹேக்கருடையதாக இருக்காது. அவன் முன்னாலேயே பிடித்து வைத்திருக்கிற ஏதோ ஒரு நாட்டு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டராகக்கூட இருக்கும். 2018-இல் தென்கொரியாவில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடக்க விழா அன்று வைஃபை, வெப்சைட் எல்லாம் விழுந்தன. உள்ளே இருந்த புரோகிராமைப் பிரித்தால் வடகொரியாவின் கைரேகை மாதிரி இருந்தது. வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். 2020-இல் அந்த வேலைக்காக ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் மேல் அமெரிக்கா வழக்குப் போட்டது. அன்றே யாராவது சூடாகி வடகொரியாவைத் திருப்பி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அரசுகளே ஆயுதம் செய்து வைத்துக்கொள்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்த அமெரிக்க உளவு அமைப்பு, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டது. அந்தக் கருவி களவு போய் 2017 ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்டது, மே 12-இல் வான்னாகிரை வைரஸாக வந்து 150 நாடுகளைச் சுற்றியது. திருப்பதி தேவஸ்தான கம்ப்யூட்டர்கள் சிலவும் தப்பவில்லை. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் விட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். தன் ஜனங்களைக் காக்க வேண்டிய அரசு, தன் ஜனங்களின் கம்ப்யூட்டரிலும் இருக்கும் ஓட்டையை மறைத்து வைப்பது எந்த ஊர் நியாயம்? நம் அரசிடம் இப்படி எத்தனை இருக்கிறது என்று கேட்கவும் நமக்கு வழி இல்லை.

உங்கள் செட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது. கண்ணில் பட்ட ஓட்டைகளை என்.சி.ஐ.ஐ.பி.சி.க்கும் செர்ட்-இன்னுக்கும் முறையாக எழுதி அனுப்பலாம், அதற்குத் திட்டமே வைத்திருக்கிறார்கள். ஆனால் அனுமதி இல்லாமல் உள்ளே போய்ச் சோதித்துவிட்டு அனுப்பினால் சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதை மாற்றச் சொல்லிச் சத்தம் போடுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கோரிப்பாளையம், செவிலியர்

கேள்வி: டெல்லி எய்ம்ஸில் நடந்தது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நடந்தால்?

பதில்: 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுதினார்கள், பாதிக்கப்படாத பேக்கப் சர்வரில் இருந்ததால் நோயாளிகளின் விவரத்தை மீட்க முடிந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. அதாவது ஒரு மூலையில் நுழைந்தவன் எல்லா வார்டுக்கும் தடையில்லாமல் போக முடிந்தது. மதுரையில் அதைப் பிரிப்பது மருத்துவமனையின் வேலை, பணம் ஒதுக்குவது மாநில அரசின் வேலை, இதில் டெல்லியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தோப்பூர் எய்ம்ஸைப் பற்றி ஒரு ஜோக் எழுத வந்தேன், உங்களுக்கே ஆயிரம் தெரியும், விட்டுவிட்டேன்.

உங்கள் கையில் இருப்பது ஒன்று. கம்ப்யூட்டர் இல்லாமல் அட்மிஷன் போட, ரத்தம் கேட்க, மருந்துச் சீட்டு அனுப்ப என்னென்ன நோட்டு, ஃபாரம் வேண்டும் என்று சீனியர் சிஸ்டர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் ரிட்டையர் ஆவதற்குள் எழுதி வாங்குங்கள். மாதத்தில் ஒரு மதியம் ஒரு வார்டை மட்டும் காகிதத்தில் ஓட்டிப் பார்க்கலாம். டாக்டர்கள் முணுமுணுப்பார்கள்.

மேலூர், வாசகர்

கேள்வி: ஐ.நா.வில் முறையிட முடியாதா?

பதில்: முறையிடலாம். தன் மண்ணிலிருந்து அடுத்த நாட்டை ஹேக் செய்வதைத் தெரிந்தே அனுமதிக்கக் கூடாது, அடுத்தவன் மின்சாரம், மருத்துவமனை போன்றவற்றில் கை வைக்கக் கூடாது என்று 2015-இல் ஐ.நா. நிபுணர் குழு நெறிகள் எழுதியது. ஆனால் அவை கட்டாயமில்லை. 2015 டிசம்பரில் உக்ரைனில் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் இணைப்புகளுக்கு கரண்ட்டை நிறுத்தினார்கள், யாரும் எந்தக் கோர்ட்டிலும் நிற்கவில்லை. 2007-இல் எஸ்டோனியாவின் வங்கிகளையும் அரசு தளங்களையும் வாரக்கணக்கில் முடக்கினார்கள், அந்த நாடு உறுப்பினராக இருந்தும் நேட்டோ ராணுவக் கூட்டணியின் படை கிளம்பவில்லை. மறு ஆண்டு அந்த நாட்டுத் தலைநகரிலேயே நேட்டோவின் சைபர் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் திறந்தார்கள்.

கீழமாசி வீதி, மளிகை மொத்த வியாபாரி

கேள்வி: கடையில் சைனா கேமரா எட்டு இருக்கிறது. கழற்றிப் போட்டுவிடவா? அவன் பார்க்கிறானாமே.

பதில்: உங்கள் மல்லி மூட்டையைப் பார்த்து அவன் என்ன செய்யப் போகிறான். கேமராவால் வரும் ஆபத்து வேறு. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் மோடங்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டு அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களை அக்டோபர் 21-இல் முடக்கியது. முதலில் எழுதியவர்கள் சீனர்களும் இல்லை ரஷ்யர்களும் இல்லை, அமெரிக்க இளைஞர்கள் மூன்று பேர், ஆன்லைன் கேம் சர்வர் தகராறில் ஆரம்பித்தது. உங்கள் கேமராவும் இப்படி எவனுக்கோ கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம், படம் நன்றாகத்தான் தெரியும், நெட் மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

புதிதாக விற்கிற கேமராக்களுக்கு பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று மத்திய அரசு 2024-இல் உத்தரவு போட்டு அடுத்த ஆண்டு அமலுக்குக் கொண்டுவந்தது. அரசின் பொறுப்பு என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்தி, நல்ல காரியம். ஆனால் ஏற்கெனவே மாட்டியிருக்கிற உங்கள் எட்டுக்கு அது பொருந்தாது. டி.வி.ஆர். பெட்டியில் யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டு 12345 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாட்டிக் கொடுத்த பையனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள், மாற்றியதை அவனிடம் சொல்லாதீர்கள், நம் வழக்கப்படி பெட்டி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி எழுதியும் வைக்காதீர்கள். ஊருக்குப் போனால் போனில் பார்க்க வேண்டும் என்ற அவசியம் இல்லாவிட்டால் நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், ரெக்கார்டிங் பாட்டுக்கு ஓடும்.